ஐந்து கட்டை ஒப்பாரி

ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “காந்தி, ஒனக்கு ஒப்பாரி தெரியும்லா, ஒண்ணு பாடேன்” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கட்டின பொண்டாட்டியிடம் எந்த ஆம்பளையாவது இப்படிக் கேட்பானா? அரிவாள்மணையில் என் விரல் போகாமல் தப்பியது அம்மன் புண்ணியம். “யாரு செத்தா?” என்றேன். “நல்லா இருக்கிற வீட்டுக்குள்ள ஒப்பாரி பாடுனா குடும்பம் வெளங்குமா? வயித்துல வேற ஒண்ணு கெடக்கு. ரங்கூன்ல இதெல்லாம் சொல்லித் தரலையோ?” என்று கேட்டுவிட்டு உப்பை அள்ளிப் போட்டேன். அவர் கொண்டுவந்த நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் கை தாராளமாகிவிடும். அந்த வருஷத்து ஊறுகாயை ஒருத்தரும் வாயில் வைக்க முடியவில்லை.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதும்போதும் கை தயங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை, அதாவது என் மாமியார் நெல்லையம்மாள், அவரை ‘அம்பலம்’ என்று கூப்பிடுவாள். சங்கரன்கோவிலில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரியில் அவர் கிளார்க். அங்கே மானேஜராக இருந்த வெள்ளைக்காரர் சுதந்திரம் வந்ததும் ஊரைப் பார்க்கப் போனார். பங்களாவில் ஒரு பியானோவை விட்டுப் போனார். புது முதலாளிக்குப் பருத்தி மூட்டை அடுக்க இடம் வேண்டும். அந்த ஊரிலேயே அதைத் தொட்டு வாசிக்கத் தெரிந்தது இவர் ஒருத்தர்தான். “அம்பலவாணம், இத ஒம்ம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரும்வே, புண்ணியமாப் போகும்” என்றாராம் முதலாளி. இரட்டை மாட்டு வண்டியில் எட்டு ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வாசல் போதவில்லை. நிலையைக் கழற்றி உள்ளே தள்ளினார்கள். நடுக்கூடத்துக்கு மேல் அது நகர மாட்டேன் என்றது, அங்கேயே நின்றுவிட்டது. எதிர்த்த வீட்டு மீரா பீவி எட்டிப் பார்த்து, “இதுக்குள்ள என்ன வைப்பிய, நெல்லா, துணிமணியா?” என்று கேட்டாள். தெருவில் எல்லாருக்கும் அது ‘பெட்டி’தான்.

இவர் அதைப் படித்தது ரங்கூனில். என் மாமனார் சங்கரநயினார் பிள்ளை அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்கராக இருந்தார். மகன் இங்கிலீஷ் படிக்கட்டும் என்று ஏழு வயசிலேயே கப்பலில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை இங்கே தன் மாமனார் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா இவருக்கு பியானோ சொல்லிக்கொடுத்தாள். தன் ஊர் உழவர்கள் பாடுகிற பாட்டை எடுத்துப் புதுவிதமாக பியானோவுக்கு எழுதுகிற ஆட்கள் வெளிதேசங்களில் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லுவாளாம், வாசித்தும் காட்டுவாளாம். நாற்பத்திரண்டில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்பாவும் மகனுமாக ஜனங்களோடு ஜனங்களாகக் காடு மலை வழியாக நடந்தார்கள். சித்திரை மாசம் ஒரு பகலில் இவர் மட்டும் நம் தெருவுக்குள் வந்தார், பதினேழு வயசு, எலும்பும் தோலும். வாசலில் நின்ற அத்தை கேட்டது ஒரே கேள்வி: “அப்பா எங்கலே?” இவர் சொன்னது ஒரே பதில்: “பின்னால வாராக.”

அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அத்தை பத்து வருஷம் பொட்டும் பூவுமாக இருந்தாள். திங்களும் வெள்ளியும் கோமதியம்மன் சந்நிதிக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வருவாள். ஆடித்தபசுக்குக் காலையிலிருந்து பட்டினி கிடப்பாள். யார் கேட்டாலும், “வழியில கூட்டத்துல பிரிஞ்சிட்டாகல்லா, ஏதாவது ஊர்ல இருப்பாக” என்பாள். தெரு ஒன்றும் சொல்லாது. ஆனால் கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு அத்தை பக்கம் வரும்போது ஏந்துகிறவளுக்குக் கை ஒரு நிமிஷம் யோசிக்கும். என் கல்யாணத்திலேயே புளியங்குடியில் என் சித்தி காதைக் கடித்தாள்: “ஏட்டி, ஒன் மாமியாக்காரி என்ன கணக்குலட்டி? முன்னால நிக்கலாமா, நிக்கக் கூடாதா?” அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எனக்கு அஞ்சாம் மாசம் கலைந்துபோனது. பெற்ற தாய் வந்து, “நீ அலமலந்து ஓடியிருப்பே” என்று என்னையே திட்டிவிட்டுப் போனாள். அத்தை ஒரு சொல் கேட்கவில்லை. பதினோரு நாள் என் பக்கத்தில் தரையில் படுத்தாள். என் துணியை அவள் துவைத்தாள். அழுதால் கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். நான் வாயாடிதான், ஆனால் நன்றி கெட்டவள் இல்லை. அந்தப் பதினோரு நாளுக்கு நான் ஏழு ஜென்மம் அவளுக்குத் தண்ணீர் இறைத்துப் போடலாம்.

சரி, ஒப்பாரிக்கு வருகிறேன். நான் மாட்டேன் என்ற பிறகு அவர் வேறு வழி பார்த்துக்கொண்டார். பேக்டரியில் பஞ்சு பொறுக்குகிற இசக்கித்தாயின் அப்பன் குருவிகுளம் பக்கம் ஒரு ஊரில் இறந்துபோனார். துட்டி கேட்கப் போன இவர், ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற வேப்பமரத்தடியில் நோட்டும் பென்சிலுமாகக் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் இருந்தாராம். பிறகு இசக்கித்தாயே வந்து சொல்லிச் சிரித்தாள். “நாங்க உள்ள மாரடிச்சு அழுதுக்கிட்டுக் கெடக்கோம், ஒங்க வீட்டு அண்ணாச்சி வெளிய ஒக்காந்து கோடு போட்டுப் புள்ளி வைக்காக. எங்க ஆறுமுகச்சாமி சித்தப்பா கேட்டே புட்டாரு: என்ன அண்ணாச்சி, செத்தவருக்கா ஜாதகம் கணிக்கீகன்னு!” சிரித்தவள் சட்டென்று, “ஆனா பாவம் மைனி, கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. எங்க அய்யாவுக்கு அவுக அவ்வளவு பழக்கமில்லையே” என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மாசம் சாயங்காலமானால் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். வலது கையில் ஐந்தே ஐந்து கட்டை. அதைவிட்டு விரல் வேறெங்கும் போகாது. இடது கையில் அடியிலே கனமாக இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி, களைத்துப்போனவன் நடக்கிற மாதிரி. நடுநடுவே பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் சேர்த்து அழுத்துவார். காதில் முள் குத்தும். “விரல் தப்பிப் போகுது பாருங்க” என்றேன் ஒருநாள். “தப்பு இல்ல காந்தி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டித்தான் இருக்கு, சேந்தா வலிக்கு. அது வலிக்கணும்” என்றார். தெரு முழுக்க அதை வெள்ளைக்காரன் பாட்டு என்று நினைத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது என் வாய் தானாக அந்தப் பாட்டோடு போனது. போய் ஒரு வரி முடிந்ததும்தான் உறைத்தது, எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் பந்தலில் அழுகிற அதே ராகம். வாளியை விட்டுவிட்டேன். சொல் இல்லாமல், வாயில்லாமல் பெட்டி அழுதால் அது ஒப்பாரியில் சேர்த்தி இல்லை என்று நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நேரே போய் நின்றேன். “இது யாருக்கு?” என்றேன். அவர் திரும்பவில்லை. ஒரே கட்டையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா வர மாட்டாக, காந்தி.”

பிறகு கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடக்க ஆரம்பித்துப் பத்தொன்பதாம் நாள். மலை ஏற்றத்தில் அப்பாவுக்குப் பேதி கண்டது. ஒரு மூங்கில் புதர் ஓரம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் வந்த கூட்டம் விலகி விலகி நடந்தது. நின்றால் அவர்களும் அங்கேயே படுக்க வேண்டியதுதான். விறகு இல்லை, கொள்ளி இல்லை. இலைகளைப் பறித்து மூடி, தன்னால் தூக்க முடிந்த கல்லை எல்லாம் மேலே வைத்திருக்கிறார். “அழுக வரல. ஒரு பொம்பள பக்கத்துல நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்கும் வந்திருக்கும். அவுக அவுக வீட்டுச் சாவுக்கே யாரும் அழல அங்கன. இங்க வந்தா, அம்மா பொட்டு வச்சிக்கிட்டு நிக்கா. காலைல சொல்லிருவோம்னு நெனச்சேன். காலைல அவ கோயிலுக்குப் போய் நேந்துக்கிட்டு வந்துட்டா. அதோட போச்சு. வாய்ல சொல்ல எனக்கு இந்த ஜென்மத்துல வராது. வாசிச்சாவது சொல்லிரலாம்னு பார்க்கேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். அடப் பாவி மனுஷா, பெற்றவளிடம் இப்படியுமா ஒரு பொய் என்று. அப்புறம் அந்தப் பதினேழு வயசுப் பிள்ளை கல் பொறுக்கினதை நினைத்துக்கொண்டேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பகலில் நாங்கள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எப்ப சொல்லப் போறீக?”

“முடிஞ்சிட்டு. கடைசி வரிதான் பாக்கி. ஒன் வளைகாப்புக்கு முன்னால சொல்லிரணும். அவ முதல் வளையல் போட வருவா. ஒங்க ஊர்க்காரிக நாளைக்குத் தெரிஞ்சா...”

“சும்மா இருங்க” என்றேன். “முதல் வளையல் அத்தைதான் போடணும். அது முடிஞ்ச பெறகு சொல்லுங்க.”

“தெரிஞ்சே கைய நீட்டுவியா?”

“நீட்டுவேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, வளைகாப்பு அன்று எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே ஒன்று கலைந்த வயிறு. புருஷனை இழந்தவள் முதல் வளையல் போடுவது எங்களில் கேள்விப்படாத விஷயம். புளியங்குடிச் சித்தி சும்மா இருப்பாளா? “முதல் வளையல் ஒங்க பெரியம்மா போடட்டும்டி, அவதான மூப்பு” என்று நைசாக ஆரம்பித்தாள். அத்தை வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவா வைத்திருக்கவா என்று தெரியாமல் நின்றாள். அவள் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததில்லை. “எங்க அத்தை போட்டாத்தான் நான் கைய நீட்டுவேன். இல்லாட்டி எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க” என்றேன். சித்தி வாயைப் பிளந்தாள். அத்தை வந்து உட்கார்ந்தாள். வளையல் ஏறியது. வயிற்றுக்குள் பிள்ளை நன்றாக ஒரு உதை விட்டது. சரி, அதற்கும் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் அண்ணன் வண்டி கொண்டுவந்து என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நடுவில் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பெட்டியைத் திறந்தார். அத்தை கூடத்துத் தூணில் சாய்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாசிக்க ஆரம்பித்தார். அந்த நடை, அந்த ஐந்து கட்டை, அந்த முள். முதல் தடவை முடிவுவரை நிறுத்தாமல் வாசித்தார். முடித்து, மறுபடி ஆரம்பித்தார். சுளகுச் சத்தம் நின்றுபோனது.

“ஏலே அம்பலம்.”

அவர் விரலை எடுத்துவிட்டார்.

“நிறுத்தாத. கடேசில மேல தூக்குதியே, அது தப்பு.”

“எது... ம்மா?”

அத்தை சுளகைக் கீழே வைத்தாள். “இது மக அப்பனுக்கு அழுதது. எங்கன கேட்டே, குருவிகுளத்துலயா? மக அழுதா கடேசி வரிய மேல தூக்கி விடுவா. அவளுக்கு எந்திரிச்சுப் போக ஒரு வீடு இருக்குல்லா. பொண்டாட்டி அழுதா அப்படித் தூக்க மாட்டா. அது கீழ எறங்கணும். எறங்கி அங்கனயே கெடக்கணும்.”

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கை இரண்டும் மடியில் கிடந்தன.

“யாருக்குலே வாசிக்கே?” என்றாள் அத்தை.

“அப்பாவுக்கு.”

எதிர்வீட்டில் மீரா பீவி உலக்கை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை தன் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கன வச்சு?”

“மலைல. பத்தொம்பதாம் நாளு.”

“தண்ணி குடுத்தியா?”

“குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாக. ஒங்க பேரச் சொன்னாக.”

“போதும்” என்றாள் அத்தை. “ரெண்டு வாய் போதும்.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் காலடியில் போய் உட்கார்ந்தார். “பொய் சொல்லிட்டேன்ம்மா” என்றார். அத்தை அவர் தலைமயிருக்குள் விரலை விட்டு, சின்னப் பிள்ளைக்குப் பேன் பார்க்கிற மாதிரி அளைந்துகொண்டே பேசினாள். குரல் கொஞ்சம்கூட உடையவில்லை.

“ஒரு வார்த்த சொன்னே. அத வச்சுப் பத்து வருஷம் பூ வச்சேன் மக்கா. தலை நிமிந்து கோயிலுக்குப் போனேன். ஒன் கல்யாணத்துல நின்னேன். இந்தா நிக்காளே, இவளுக்கு வளையல் போட்டேன். நெசத்தச் சொல்லியிருந்தா அன்னைக்கே என்னைய மூலைல ஒக்கார வச்சிருப்பாகல்லா. நீ நல்லா இருப்பே. ஒன் வாய்க்கு ஒரு கொறையும் வராது.” பிறகு அவர் தோளைத் தட்டினாள். “எந்திரி. எறக்கி வாசி. ஒனக்கு அழத் தெரியலன்னா நான் அழுறேன், நீ கூட வா.”

அத்தைக்கு முன்னாலேயே மனசுக்குள் தெரிந்திருந்ததா, அன்றுதான் தெரிந்ததா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அவர் போய் உட்கார்ந்தார். அத்தை எழுந்து வந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தலையில் இருந்த பிச்சிப்பூச் சரத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு பியானோ மேலே வைத்தாள். என்னைப் பார்த்து, “நீ உள்ள போ ஏட்டி. வயித்துப்பிள்ளக்காரி இதக் கேக்கக் கூடாது” என்றாள்.

“நான் போக மாட்டேன்.”

“சொன்னாக் கேக்க மாட்டா” என்றாள் அவரிடம், என்னமோ அவர் கேட்கிற ஆள் மாதிரி. பிறகு பியானோவின் பக்கப்பலகையில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

காடு மலை தாண்டையில என் ராசா, நீ ஆரு மடி சாஞ்சயோ என்று அவளே கட்டிப் பாடினாள். கடைசி வரியில் குரல் கீழே இறங்கியது. இறங்கி அங்கேயே கிடந்தது. அவர் விரல்கள் தடவித் தடவி அதைத் தேடிப் பிடித்தன. முதல் தடவை தப்பியது, இரண்டாம் தடவை சேர்ந்தது. நான் கேட்டதிலேயே அப்படி ஒரு துக்கம் இல்லை, அப்படி ஒரு நிம்மதியும் இல்லை. தாயே கோமதி, இதை எனக்குக் கேட்கக் கொடுத்தாயே என்று நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

தெருவில் உலக்கைச் சத்தம் நின்றது. ஒப்பாரி கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. முதலில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள், வாசலிலேயே கொண்டையை அவிழ்த்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மேலவீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் அவள் மருமகள்கள் இரண்டு பேர். மீரா பீவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு அவளும் உள்ளே வந்தாள். யார் செத்தது என்று ஒருத்தி கேட்கவில்லை. பத்து வருஷமாக இந்த அழுகையை ஒவ்வொருத்தியும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அத்தையிடம் வாய் திறக்காமல், அவளைச் சுமங்கலியாகவே நடமாட விட்ட தெரு அது. அந்தத் தெரு நன்றாக இருக்க வேண்டும்.

பொம்பளைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டம் கட்டினார்கள். அத்தை பியானோவை விட்டு வர மாட்டேன் என்று சாய்ந்து நின்றதால் வட்டம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஆள் போதவில்லை. சுந்தரம்மாள் வலது கையை அத்தையின் தோளில் போட்டாள். இடது கைக்குத் தோள் இல்லை. மாவு அப்பின அந்தக் கையைப் பெட்டியின் மேல் போட்டு அணைத்துக்கொண்டாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். ஆம்பளைகள் எட்டிப் பார்க்காத அந்த வட்டத்துக்குள்ளே அவர் முதுகு குலுங்கக் குலுங்க, கட்டைகள் நனைய நனைய, கீழே இறக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.